குளம் இறைக்கிற நாள்: இந்த வருஷம் என் தலையில் விழுந்திருக்கிறது, யோசனை சொல்லுங்கள்

நீடாமங்கலத்தான் கேட்கிறார்:

வணக்கம். நீடாமங்கலம் பக்கம் ஒரு கிராமம் எங்களுடையது. கொல்லையைத் தாண்டினால் இரண்டு மா அளவில் ஒரு குளம். பஞ்சாயத்துக் குளம் இல்லை, அதனால் மீன்பாசி ஏலம், குத்தகை என்ற தொல்லை கிடையாது. தாத்தா பாகம் பிரித்தபோது நிலத்தையெல்லாம் பிரித்துக் கொடுத்துவிட்டு இதை மட்டும் நான்கு பிள்ளைகளுக்கும் பொதுவில் விட்டுவிட்டார். ஏன் என்று யாருக்கும் தெரியாது, வரப்புச் சண்டை பார்த்து அலுத்துப் போயிருப்பார் என்று நினைக்கிறேன். வருஷா வருஷம் கத்திரி வெயிலில், பள்ளிக்கூட லீவு சமயம், ஒரு ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து இஞ்சின் வைத்து இறைத்து மீன் பிடிப்போம். எங்கள் வீட்டில் பொங்கலுக்கு வராதவன்கூட இதற்கு வந்துவிடுவான்.

முப்பது வருஷமாக அப்பாதான் நடத்தினார். போன ஐப்பசியில் தவறிவிட்டார். இப்போது சித்தப்பாக்கள் மூன்று பேரும் "பெரியவர் வீட்டுப் பிள்ளைதான் முன்னால் நிக்கணும்" என்று சொல்லிவிட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். நான் இத்தனை வருஷமும் கரையில் நின்று போட்டோ எடுத்தவன். இஞ்சினை என்றைக்குப் போட வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும், எதுவும் சரியாகத் தெரியாது. போன வருஷம் அப்பா ஆஸ்பத்திரியில் இருந்ததால் ஆளாளுக்கு நாட்டாமை செய்து, விடிவதற்குள் கட்லாவில் பாதி செத்து மிதந்தது. அதோடு கடைசிச் சித்தப்பாவின் மாப்பிள்ளை ஊத்தாவில், அதுதான் சேற்றில் குத்தி மீன் பிடிக்கிற மூங்கில் கூடை, ஒரு விரால் பிடித்தார், இரண்டரைக் கிலோ இருக்கும், அதைப் பங்கு பிரிக்கிற கூறில் சேர்க்காமல் நேராக ஸ்கூட்டர் டிக்கியில் போட்டுப் பூட்டிவிட்டார். நான் பிடித்தது எனக்குத்தானே என்கிறார். அந்தப் பேச்சு இன்னும் தீரவில்லை.

இந்தத் தடவை நாற்பது தலை வரும் போலிருக்கிறது. சென்னையிலிருந்து இரண்டு குடும்பம், திருச்சி அத்தை, சிங்கப்பூர் தம்பி, அப்புறம் அமெரிக்காவில் விஸ்கான்சினில் இருக்கும் சித்தப்பா மகன், அவன் பையனோடு. பையனுக்குப் பதினொரு வயது. அங்கே பக்கத்து வீட்டுக்காரர்களோடு மான் வேட்டை தொடங்குகிற நாளில் போய் உட்கார்ந்துவிட்டு வருவானாம். "எங்களுக்கு நவம்பரில் ஓப்பனிங் டே, உங்களுக்கு என்றைக்கு?" என்று கேட்டு மெசேஜ் போட்டிருக்கிறான். இங்கே மானைத் தொட்டால் உள்ளே போக வேண்டியதுதான், எங்களுக்கு விரால்தான் மான் என்று பதில் போட்டேன்.

குழந்தைகள் ஒன்பது பேர். கெளுத்தி முள் குத்தினால் என்ன செய்வது, மண்வாசம் போக என்ன வழி, கூறு எப்படி வைத்தால் சண்டை வராது, தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


வெண்ணாற்று மச்சான்:

தம்பி, அப்பா இல்லாத முதல் வருஷம் என்றால் மனசு ஒரு மாதிரிதான் இருக்கும். இருந்தாலும் நடத்துங்கள், நிறுத்திவிடாதீர்கள்.

கட்லா செத்ததற்குக் காரணம் சொல்கிறேன். தண்ணீர் குறையக் குறைய மீனுக்கு மூச்சு திணறும், அதிலும் விடியற்காலையில்தான் தண்ணீரில் காற்று ரொம்பக் குறைவாக இருக்கும். கட்லா, ரோகு, மிர்கால் எல்லாம் மேலே வந்து வாயைப் பிளக்கும், அந்தக் கட்டத்தைத் தாண்டினால் மல்லாந்துவிடும். விரால், குறவை, தேளி, பனையேறி கதை வேறு. அதெல்லாம் மேலே வந்து வெளிக்காற்றை வாங்கிக்கொள்ளும், ஈரச் சேற்றில் கிடந்தாலும் சாகாது. அதனால் கெண்டை ஜாதியை முதலில் எடுக்க வேண்டும், விராலைக் கடைசியில். எல்லாம் ஒரே நேரத்தில் பிடிக்கலாம் என்று இறங்கினால் போன வருஷக் கதைதான்.

இரண்டு மா என்றால் 66 சென்ட். இப்போது இடுப்பளவு தண்ணீர் இருக்கும் என்று வைத்துக்கொண்டால் ஒரு அஞ்சு ஹெச்பி இஞ்சினுக்கு இரண்டு பகல் ஒரு ராத்திரி வேலை. வெள்ளிக்கிழமை காலை போடுங்கள். சனிக்கிழமை சாயங்காலம் தொடையளவு வந்ததும் இஞ்சினை நிறுத்திவிட்டு வலைக்காரர்கள் நாலு பேரைக் கூப்பிட்டு இழுவலை போட்டுக் கெண்டையை எடுத்துவிடுங்கள். சனிக்கிழமை ராத்திரி இறைக்காதீர்கள், அங்கேதான் போன வருஷம் கோட்டை விட்டிருக்கிறீர்கள். ஞாயிறு காலை ஆறு மணிக்குத் திரும்ப இஞ்சின். எட்டு, எட்டரைக்கு முழங்கால் அளவு வரும். அப்போது ஊத்தாவோடு எல்லோரையும் இறக்கிவிடுங்கள். தண்ணீரை உறிஞ்சுகிற சக்ஷன் குழாய் வாயில் கொசுவலை கட்டாதீர்கள், பாசி அடைத்துக்கொள்ளும், பழைய நைலான் மீன்வலையை மூன்று சுற்று சுற்றிக் கட்டுங்கள் போதும். இறைக்கிற தண்ணீரை வாய்க்காலில் விட்டு வீணாக்காமல் பக்கத்தில் பருத்தி போட்டவர் இருந்தால் அவர் வயலுக்கு விடுங்கள், டீசல் காசில் பாதி கேளுங்கள், கொடுப்பார்.

ஊத்தா பிள்ளைகளுக்குப் பழக்கம் இருக்காது. ஓடி ஓடிக் குத்தக் கூடாது. நாலு அடி வைத்து ஒரு குத்து, அப்படியே அழுத்திப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். உள்ளே மீன் இருந்தால் மூங்கில் பட்டையில் டப் டப் என்று முட்டுவது கையில் தெரியும். முட்டவில்லை என்றால் தூக்கு, அடுத்த இடம். முட்டினால் மேல் வாய் வழியாகக் கையை விட்டு முதலில் தலையைத் தேடு, வாலைத் தேடினால் வழுக்கிக்கொண்டு போய்விடும். கெளுத்தியாக இருந்தால் பெரியவர்களைக் கூப்பிடச் சொல்லுங்கள்.

முள் குத்திவிட்டால் பதறாமல் பொறுக்கிற அளவு சுடுதண்ணீரில் அந்தக் கையை அரை மணி, முக்கால் மணி வைத்திருக்க வேண்டும். அந்த விஷம் சூட்டுக்கு அடங்கும், கடுப்பு குறையும். சுண்ணாம்பு, சாணி என்று அப்பாதீர்கள். முள் உள்ளே ஒடிந்திருந்தால் ஆஸ்பத்திரி, கூடவே தடுப்பூசி. கரையில் ஒரு அடுப்பு, ஒரு அண்டா வெந்நீர் எப்போதும் இருக்கட்டும். தண்ணீர்ப்பாம்பு நாலைந்து ஓடும், அதற்கு விஷம் கிடையாது, ஆனால் வெளியூர்ப் பிள்ளைகள் கத்துகிற கத்தில் எல்லோரும் கரையேறிவிடுவார்கள், முன்னாலேயே சொல்லி வையுங்கள்.

மாப்பிள்ளை விவகாரத்துக்கு எங்கள் ஊரில் ஒரு கணக்கு உண்டு. வலையில் வந்தது பொது. ஊத்தாவில் விழுந்ததும் பொது. இஞ்சினை நிறுத்தி, கூறும் வைத்து முடித்த பிறகு சேற்றில் கையால் தடவிப் பிடித்தது அவனவனுக்கு. யாருக்கும் கசப்பு இருக்காது, கடைசி ஒரு மணி நேரத்தில்தான் நல்ல கூத்தும் நடக்கும். விரால் சேற்றுக்குள் போய்ப் பதுங்கும், ஆனால் மூச்சு வாங்க வந்தாக வேண்டுமே, குமிழ் எழுகிற இடத்தைப் பார்த்து வைத்துக்கொண்டு போகிறவன்தான் பிடிப்பான். சேறு முழுக்க மிதித்துத் திரிகிறவனுக்குக் குறவை கூடக் கிடைக்காது.


கொரடாச்சேரி அக்கா:

எல்லோரும் பிடிப்பதைப் பற்றியே எழுதுகிறீர்கள். பிடித்த மீனை ஆய்வது யார்? எங்கள் மாமியார் வீட்டிலும் இதே மாதிரி குளம், இதே மாதிரி நாற்பது பேர். ஆம்பளைகள் பதினோரு மணிக்குச் சேற்றோடு கரையேறி, போர்செட்டில் குளித்துவிட்டு, வேப்பமரத்தடியில் சீட்டாட உட்கார்ந்துவிடுவார்கள். நாங்கள் அஞ்சு பொம்பளைகள் கிணற்றடியில் கல்லையும் அரிவாள்மணையையும் போட்டுக்கொண்டு மூணு மணி வரைக்கும் செதில் உரசிக்கொண்டிருப்போம். கல்யாணமாகி வந்த முதல் வருஷம் என் கையில் உளுவை நாற்றம் ஒரு வாரம் போகவில்லை. குளத்துக்குள் ஒரு தடவையாவது இறங்கியிருக்கிறேனா என்றால் இல்லை. நான்காம் வருஷம் நானும் என் ஓரகத்தியும் சொல்லிவிட்டோம், பிடிக்கிறவர்கள் ஆய்ந்து கொடுத்தால்தான் அடுப்பு பற்றும் என்று. ஒரு மணி நேரம் முறைத்துக்கொண்டார்கள், அப்புறம் உட்கார்ந்தார்கள். இப்போது என் வீட்டுக்காரர் விரால் தோலை உரிக்கிற அழகுக்கு நானே ஈடு கொடுக்க முடியாது. உங்கள் வீட்டிலும் அதைச் செய்யுங்கள், இல்லையென்றால் மீன் மார்க்கெட்டிலிருந்து ஆய்கிறவர்கள் இரண்டு பேரைக் கூலிக்குக் கூட்டி வாருங்கள்.

மண்வாசத்துக்கு வருகிறேன். அது பாசியால் வருகிற வாசம், மசாலாவைக் கூட்டினால் மறையாது. சனிக்கிழமை எடுக்கிற கெண்டையில் மறுநாள் சமைக்க வேண்டியதை மட்டும் சிமெண்ட் தொட்டியில் நல்ல தண்ணீர் விட்டு, போர் தண்ணீர் மெல்ல விழுகிற மாதிரி வைத்து, தீனி எதுவும் போடாமல் ஒரு நாள் உயிரோடு விட்டு வையுங்கள். பாதி வாசம் போய்விடும். அப்புறம் ஆய்ந்த மீனைக் கல்லுப்பு போட்டு அலசி, புளித்தண்ணீரில் பத்து நிமிஷம், கடைசியாக மஞ்சள். வயிற்றுக்குள் இருக்கும் கறுப்புத் தோலைச் சுரண்டி எடுத்துவிட வேண்டும், அதை விட்டுவிட்டு மேலே எத்தனை தடவை கழுவினாலும் பிரயோஜனமில்லை. உளுவை, அயிரை மாதிரி பொடி மீனை மண்சட்டியில் கல்லுப்போடு போட்டு உரசினாலே சுத்தமாகிவிடும்.

வைகாசியில் மாங்காய் இருக்கும், விரால் குழம்புக்கு ஒட்டு மாங்காய் வேண்டாம், புளிப்பான நாட்டு மாங்காயாகப் பாருங்கள். குழம்பு கொதித்து எண்ணெய் மேலே வந்த பிறகு மீனைப் போட்டு, கரண்டி போடாமல் சட்டியை இரண்டு பக்கமும் பிடித்து ஒரு சுழற்று. சனிக்கிழமை ராத்திரியே கெண்டையில் ஒரு சட்டி வைத்துவிட்டால் ஞாயிறு காலை இட்லிக்கு ஆகும். பழைய குழம்புக்கு இருக்கிற ருசி புதுசுக்கு வராது என்பது உங்களுக்கே தெரியும்.


பாபநாசம் டு மாடிசன்:

அந்தப் பையன் இருக்கும் ஊர்க்காரன்தான் நானும், பன்னிரண்டு வருஷமாக. அவன் "ஓப்பனிங் டே" என்று சொல்வது இங்கே என்ன என்று கொஞ்சம் சொல்கிறேன், பையனை வரவேற்க உங்களுக்கு உதவும்.

விஸ்கான்சினில் துப்பாக்கியோடு மான் வேட்டைக்கு ஒன்பது நாள், நவம்பரில் வருகிற தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு முந்தின சனிக்கிழமை ஆரம்பிக்கும். என்கூட வேலை செய்கிறவர் ஒரு வருஷம் அவர் அப்பாவின் காட்டு வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். நான் சுடவில்லை, சும்மா கூட உட்கார்ந்திருந்தேன். வெள்ளிக்கிழமை ராத்திரியே அண்ணன், தம்பி, மச்சான், பேரன் என்று பதினாலு பேர் சேர்ந்துவிட்டார்கள். நாளைக்கு யார் எந்த மரத்தடியில் உட்காருவது என்பதை ஒரு பெரியவர் சொல்கிறார், ஒருவரும் மறுபேச்சுப் பேசவில்லை. உங்கள் அப்பா மாதிரி ஒருவர்தான். காலை நாலு மணிக்கு எழுந்து, இடுப்புக்கு மேலே ஆரஞ்சு நிறத்தில் கண்ணைக் குத்துகிற சட்டை, அப்படிப் பளிச்சென்று தெரிகிற நிறம் சட்டப்படி கட்டாயம், ஒருத்தரை ஒருத்தர் சுட்டுக்கொள்ளாமல் இருப்பதற்காக. சூரியன் உதிக்க அரை மணி நேரம் முன்னாலிருந்துதான் சுடலாம். லைசென்ஸ் வேண்டும். 1973லும் அதற்குப் பிறகும் பிறந்தவர்கள் பாதுகாப்பு வகுப்பு படித்திருக்க வேண்டும். மான் கிடைத்தால் மறுநாள் சாயங்காலம் ஐந்து மணிக்குள் அரசாங்கத்தில் பதிந்துவிட வேண்டும். அங்கே மான்களுக்கு ஒரு மூளை நோய் பரவியிருக்கிறது, அதனால் அந்தக் குடும்பம் தலையைச் சோதனைக்குக் கொடுத்துவிட்டு, முடிவு வரும் வரை கறியைப் பிரீஸரில் வைத்திருந்தார்கள்.

எனக்கு மறக்காதது அந்த அமைதிதான். நம் ஊர்க் குளத்தில் இறங்கினால் நாலு ஊருக்குக் கேட்கும். அங்கே ஏழு மணி நேரம் பனியில் அசையாமல், தும்மலைக்கூட அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். என் காலில் உணர்ச்சியே போய்விட்டது, மானையும் பார்க்கவில்லை, ஒரு அணில்தான் வந்தது. அந்த வீட்டில் சுட்டவனுக்குத் தனிப் பங்கு கிடையாது, ஆளுக்கு இவ்வளவு என்று எடை போட்டுக் கொடுத்தார்கள், ஒன்றும் செய்யாத எனக்கும் ஒரு பொட்டலம். உங்கள் மாப்பிள்ளையிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

பையன் மூன்று மணி நேரம் சத்தம் போடாமல் உட்காரப் பழகியவனாக இருப்பான். சேறும் கூச்சலும் பார்த்து முதலில் மிரளுவான், விட்டுவிடுங்கள், தானாக இறங்குவான்.


வேதாரண்யம் காற்று:

மான் பேச்சு வந்ததால் நானும் எட்டிப் பார்க்கிறேன். எங்கள் பக்கம் கோடியக்கரையில் வெளிமான் கூட்டம் கூட்டமாகத் திரியும், புள்ளிமானும் உண்டு. 1967லேயே சரணாலயம் ஆக்கிவிட்டார்கள். வெளிமானைச் சரியாகச் சொன்னால் மான் கணக்கில் சேர்க்கக் கூடாது, கொம்பு உதிராது, முறுக்கிக்கொண்டு வளர்ந்துகொண்டே இருக்கும். அது கிடக்கட்டும், 1972 சட்டத்துக்குப் பிறகு வேட்டைப் பேச்சே கிடையாது. அமெரிக்காவிலிருந்து வருகிறவர் அங்கே கிடைத்த கொம்பை அன்பளிப்பாக எடுத்து வரப் போகிறார் என்றால் வேண்டாம் என்று இப்போதே சொல்லிவிடுங்கள், விமான நிலையத்தில் பதில் சொல்லி மாளாது.

உங்கள் குளத்துக்கும் அந்தச் சட்டத்தில் வேலை இருக்கிறது. இறைக்கும்போது ஆமை வரும். பால் ஆமை, ஓடு வழவழ என்று இருக்குமே, அது புலிக்கு இருக்கிற அதே பட்டியலில் இருக்கிறது. சமைப்பது இருக்கட்டும், வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்த் தொட்டியில் வளர்ப்பதும் குற்றம். ஒரு சாக்கை நனைத்து நிழலில் போட்டு மூடி வைத்திருந்து, தண்ணீர் இருக்கிற பக்கத்துக் குளத்தில் விட்டுவிடுங்கள். இன்னொன்று, யாராவது அவசரக்காரர் பிளீச்சிங் பவுடர் போடலாம், கரண்ட் வைக்கலாம், தோட்டா போடலாம் என்பார். விஷமும் வெடியும் வெள்ளைக்காரன் 1897ல் போட்ட மீன்வளச் சட்டத்திலேயே தடை. கரண்ட் வைத்தால் மீனுக்கு முன்னால் ஆள் போவான், எங்கள் பக்கம் அப்படிப் போயிருக்கிறது. மோட்டார் வைத்து இறைப்பதாக இருந்தாலும் ஒயர் தண்ணீரில் கிடக்கக் கூடாது, டீசல் இஞ்சின்தான் நல்லது.


வலங்கைமான் சம்சாரி:

ஊர்ப் பேரிலேயே மானை வைத்துக்கொண்டு இத்தனை நேரம் சும்மா இருந்ததே பெரிசு.

வெண்ணாற்று மச்சான் சொன்ன வரிசை சரி. ஆனால் அவர் ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டார், நாளைத் தள்ளிப் போடாதீர்கள். மேட்டூர் ஜூன் 12 என்பது வழக்கம்தான், அணை அதைப் பார்த்தா நிரம்புகிறது? 2022ல் மே 24ஆம் தேதியே திறந்துவிட்டார்கள். நாங்கள் மே 29 ஞாயிறு என்று நாள் குறித்து உறவுக்கெல்லாம் போன் போட்டு முடித்திருந்தோம். குளத்தைப் பாதி இறைத்து வைத்திருந்த நேரம் வாய்க்காலில் தண்ணீர் வந்து மதகு வழியாக உள்ளே பாய்கிறது, பழைய பலகையில் அடைப்பு நிற்கவில்லை, இறைத்த டீசல் அத்தனையும் தண்டம். வந்த உறவுக்குக் கும்பகோணத்தில் கடை மீன் வாங்கிக் குழம்பு வைத்தோம், அவமானம். 2024ல் ஜூலைக் கடைசி வரை திறக்கவே இல்லை, அந்த வருஷம் குளம் தானாகவே காய்ந்து கிடந்தது. அதனால் மே முதல் பாதியிலேயே முடித்துவிடுங்கள், மதகை முதல் வாரமே களிமண்ணும் சாக்கும் வைத்து அடையுங்கள்.

முழுக்க இறைப்பதா, ஒரு மூலையில் தண்ணீர் விட்டு வைப்பதா என்று கேட்டால் நான் முழுக்க என்பேன். ஜிலேபிக் கெண்டை ஒரு ஜோடி மிச்சம் இருந்தாலும் ஆறு மாசத்தில் குளம் பூரா அதுதான் இருக்கும், விட்ட குஞ்சுக்குத் தீனி மிஞ்சாது. வெள்ளத்தில் ஆப்பிரிக்கக் கெளுத்தி வந்து சேர்ந்திருந்தால் இன்னும் மோசம், மற்ற மீனை எல்லாம் தின்றுவிடும், அதை வளர்ப்பதே தடை செய்யப்பட்டது. தரை வெடிக்கிற வரை காயப் போட்டு, வண்டலை எடுத்து வயலில் அடித்து, நெய்வேலிக் காட்டாமணக்கையும் ஆகாயத்தாமரையையும் வேரோடு பிடுங்கிக் கொளுத்தினால்தான் குளம் குளமாக இருக்கும்.


வெண்ணாற்று மச்சான்:

சம்சாரி சொல்வது வளர்ப்புக் குளத்துக்குச் சரி. இது வீட்டுக் குளம். கட்லாக் குஞ்சைக் காசு கொடுத்து வாங்கி விடலாம், நாட்டு விராலை எங்கே போய் வாங்குவது? எங்கள் குளத்தில் வடகிழக்கு மூலையில் ஒரு பள்ளம் உண்டு, அதை என் தாத்தா காலத்திலிருந்து இறைப்பதில்லை. மழை பெய்து புதுத் தண்ணீர் வந்ததும் அங்கிருந்துதான் விரால் குஞ்சு செம்பந்து மாதிரி கூட்டமாகக் கிளம்பும், தாயும் தகப்பனும் கீழே காவலுக்கு வரும். அதைப் பார்த்தவன் எவனும் பள்ளத்தில் ஊத்தா வைக்க மாட்டான். ஜிலேபிக்குப் பயந்து அதையும் காயப் போட்டால் அப்புறம் ஜிலேபி மட்டும்தான் மிஞ்சும்.


வலங்கைமான் சம்சாரி:

உங்கள் பள்ளத்தில் ஜிலேபியே இல்லையா மச்சான்? நேரில் வந்து பார்க்கிறேன், குழம்பு வைத்து வையுங்கள்.


நீடாமங்கலத்தான்:

எல்லோருக்கும் நன்றி. போன ஞாயிறு முடிந்தது, இன்றுதான் உட்கார்ந்து எழுத முடிந்தது.

வெள்ளிக்கிழமை இஞ்சின் போட்டோம். சனிக்கிழமை சாயங்காலம் வலைக்காரர்கள் மூன்று இழுப்பில் கெண்டையை எடுத்துவிட்டார்கள், ஒன்றுகூடச் சாகவில்லை. பெரிய கட்லா ஒன்று வலையைத் தாண்டிக் குதித்து நடுச் சித்தப்பாவின் நெஞ்சில் மோதியது, மனிதர் பின்னால் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார், அதை இரண்டு நாளாக எல்லோரும் நடித்துக் காட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஆமை இரண்டு வந்தது, பக்கத்து ஐயனார் கோயில் குளத்தில் விட்டாயிற்று. முள் குத்தியது ஒருத்தருக்குத்தான், குழந்தைக்கு இல்லை, சிங்கப்பூர்த் தம்பிக்கு. வெந்நீரில் கையை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தான், காப்பி வேறு.

மூலைப் பள்ளம் விஷயத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் முழிக்கும்போது அம்மாதான் சொன்னாள், அப்பா இலுப்பை மரத்துக்குக் கீழே எப்போதும் கொஞ்சம் தண்ணீர் விட்டுத்தான் நிறுத்துவாராம். முப்பது வருஷமாக நான் அதைக் கவனித்ததே இல்லை. இஞ்சின் ரிப்பேர் என்று நினைத்திருந்தேன். அதனால் அங்கே விட்டுவிட்டோம், சம்சாரி மன்னிக்கவும்.

ஆய்வது விஷயத்தை நானே சித்தப்பாக்களிடம் சொன்னேன். பெரிய சித்தப்பா "எந்த மகராசி சொல்லிக்கொடுத்தா?" என்றார். கொரடாச்சேரி அக்கா என்றேன். உட்கார்ந்தார்கள். அழகாக வரவில்லை, பாதி மீனில் பித்தப்பை உடைந்து கசந்தது, ஆனால் அத்தையும் அண்ணிகளும் அந்த நேரத்தில் ஊத்தாவோடு குளத்தில் இருந்தார்கள். திருச்சி அத்தைக்கு அறுபத்து நாலு வயது. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மூன்று விரால்.

கூறு எப்போதும் போல வைக்கோல் பரப்பி, அதில் நாலு. வலைக்காரர்களுக்கும் இஞ்சின்காரருக்கும் முதலிலேயே தனியாக எடுத்து வைத்துவிட்டோம். சின்னக் குழந்தை ஒன்றைத் திரும்பி நிற்க வைத்து, ஒவ்வொரு கூறாகக் கையைக் காட்டி "இது யாருக்கு?" என்று கேட்பது எங்கள் வழக்கம். சென்னைத் தங்கச்சியின் மகள், அஞ்சு வயது. முதல் மூன்றுக்கும் சித்தப்பாக்கள் பேரைச் சரியாகச் சொல்லிவிட்டாள். நாலாவதுக்கு "தாத்தாவுக்கு" என்றாள். கொஞ்ச நேரம் யாரும் ஒன்றும் பேசவில்லை. பெரிய சித்தப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு "சரி, அண்ணன் கூறை எடுத்து உள்ளே வை" என்றார். இருந்ததிலேயே மட்டமான கூறு அதுதான், ஒரு மிர்கால், மிச்சமெல்லாம் உளுவையும் ஜிலேபியும்.

அப்புறம் கடைசிச் சேறு. வெண்ணாற்று மச்சான் சொன்ன கணக்கைத்தான் அறிவித்திருந்தேன். மாப்பிள்ளை ஒரு மணி நேரம் எருமை மாதிரி உழுதார், ஒரு குறவை கிடைத்தது. விஸ்கான்சின் பையன் காலையிலிருந்து கரையில் ஒரு தென்னை மட்டைமேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து குளத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நாங்கள் பயந்துவிட்டான் என்று நினைத்தோம். திடீரென்று எழுந்து, யாரிடமும் சொல்லாமல், நேராக மேற்குக் கரைப்பக்கம் ஒரு இடத்துக்குப் போய் முழங்கை வரை கையை விட்டான். முதல் தடவை நழுவியது. இரண்டாவது தடவை விராலோடு சேர்ந்து அவனும் விழுந்தான், விடவில்லை. "அங்கே மூன்று தடவை குமிழ் வந்தது, நான் எண்ணிக்கொண்டிருந்தேன்" என்றான். ஒன்றே முக்கால் கிலோ. அவன் அப்பா, இங்கேயும் அதைப் பதிய வேண்டுமா என்று கேட்டுச் சிரித்தார். பையன் அதை முழுசாகக் குழம்புச் சட்டிக்குக் கொடுத்துவிட்டான், மாப்பிள்ளை எதிரில்தான்.

மண்வாசம் தொட்டியில் விட்டதில் போய்விட்டது. உளுவையில் மட்டும் கொஞ்சம் இருந்தது.

டீசல், இஞ்சின் வாடகை எல்லாம் நான்காகப் பிரித்ததில் கடைசிச் சித்தப்பா பங்கு இன்னும் வரவில்லை. இதற்கு என்ன வழக்கம் என்று யாருக்காவது தெரிந்தால் எழுதுங்கள்.